அவள் கைப்பேசியில் இயங்கிய சங்கம்

என் மனைவியின் சாம்பலைக் கரைக்கக் கிளேபாங் கடற்கரைக்குப் போயிருந்த காலையில், அவளுடைய கைப்பேசி என் சட்டைப் பையில் அடித்தது. மண்கலயம் என் இரு கைகளிலும் இருந்தது. முழங்கால் அளவு தண்ணீரில் நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற மைத்துனர், அவளுடைய தம்பி, என் பையிலிருந்து அதை எடுத்தார். காற்றில் ஒன்றும் கேட்காததால் ஒலியைப் பெரிதாக்கினார்.

“ஹலோ, மிஸ்ஸி போனா இது? வேன் ஓட்டறவன் பேசறேன். கோட் ஒண்ணு வந்திருக்கும், ஆறு நம்பர். கொஞ்சம் சொல்லுங்க லா.”

“நாங்க எங்க நிக்கறோம்னு தெரியுமா ஒனக்கு?” என்றார் மைத்துனர்.

“தெரியும்ணே. மன்னிச்சுக்குங்க. ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க.”

மைத்துனர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் திரையை வெயிலுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு ஆறு இலக்கங்களை உரக்க வாசித்தார். நன்றி என்று அந்த முனை துண்டித்துக்கொண்டது. பிறகு நான் கலயத்தைக் கவிழ்த்தேன்.

அன்று எனக்குக் கோபம் வரவில்லை. வருவதற்குச் சில நாட்கள் ஆயின. வந்த பிறகு போகவில்லை.

அவள் அரசு மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். தாதிகளை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்; அதனால் அவள் எல்லோருக்கும் மிஸ்ஸி. ஓய்வுக்குப் பின் அவள் சேர்ந்த சங்கம், சிறுநீரகம் செயலிழந்தவர்களைத் தோட்டங்களிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் வாரத்தில் மூன்று நாள் நகரத்து டயாலிசிஸ் நிலையத்துக்கு அழைத்து வந்து, திரும்பக் கொண்டுபோய் விடுகிறது. இரண்டு வேன்கள், மாறி மாறி ஓட்டும் ஏழெட்டுத் தொண்டர்கள், மாடியில் ஒரு சிறிய அலுவலகம், அதில் ஓர் எழுத்தர், இவர்களுக்கு மேலே பதினைந்து பேர் கொண்ட செயலவை. யாரை, எந்த நாள், எந்த நேரம், எந்த வழியாக ஏற்ற வேண்டும் என்ற பட்டியல் என் மனைவியின் பொறுப்பு. முன்பு அது அலுவலகச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையில் இருந்தது. பலகையை ஓட்டுநர்கள் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு கிளம்புவார்கள். படம் பிடித்த பின் பலகை மாறினால், மாறியது அவர்களுக்குத் தெரியாது. ஆகவே பட்டியலை இணையத்துக்கு மாற்ற வேண்டும் என்று அவளே கேட்டாள். கேட்டது சரிதான். அதை நான் இன்றும் மறுக்கவில்லை.

மாற்றத்தை அறிவிக்க, மூன்றாண்டுக்கு முன் சங்கம் ஒரு விழா எடுத்தது. மேடைக்குப் பின்னால் நீலத் துணியில் வெள்ளை மேகங்கள். நடுவில் ஒரு மேசை, மேசையில் மடிக்கணினி, மடிக்கணினிக்குச் சந்தனப் பொட்டு. தலைவர் ஒரு பொத்தானை அழுத்தினார்; எல்லோரும் கை தட்டினார்கள். “இன்று முதல் நம் சங்கம் மேகத்தில் இயங்கும்” என்று அவர் சொன்னபோது என் மனைவி மேடையில் இல்லை. பின்வரிசையில் ஓட்டுநர்களின் கைப்பேசிகளை ஒவ்வொன்றாக வாங்கி, பட்டியல் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, கொடுத்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன்.

மேகம் என்று ஒன்றும் இல்லை. எங்கோ ஒரு கட்டடத்தில், வேறொருவருடைய கணினியில், நம்முடைய கோப்புகள் இருக்கின்றன. நமக்கு ஒரு சாவி தரப்படுகிறது. ஓர் அமைப்பு அங்கே குடிபோகும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, சாவி யார் கையில் இருக்கும், அந்தக் கை இல்லாமல் போனால் என்ன செய்வது என்பதுதான். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முப்பது ஆண்டு கணிதம் கற்பித்தவன். இந்தக் கேள்வி அன்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. சம்பலின் காரம் அதிகமாக இருந்தது என்பதுதான் அந்த விழாவைப் பற்றி நான் வீட்டுக்கு வந்து சொன்னது.

சாவி அவள் கையில் இருந்தது. சங்கத்தின் பெயரில் கணக்குத் திறக்கச் செயலவைத் தீர்மானம் வேண்டும், பதிவுச் சான்றிதழின் நகல் வேண்டும், இருவர் பொறுப்பேற்க வேண்டும். அதற்கு யாருக்கும் நேரமில்லை. “இப்போதைக்கு அக்கா பேர்ல போட்டுருங்க லா. அப்புறம் மாத்திக்கலாம்” என்று செயலவையில் யாரோ சொல்ல, அவள் தன் சொந்த மின்னஞ்சல் கணக்கிலேயே பட்டியலை ஏற்றினாள். ஓட்டுநர்களுக்குத் தனித்தனிக் கணக்கு என்றால் சிக்கல் என்று, எல்லோரும் அவள் பெயரிலேயே, அவள் கடவுச்சொல்லிலேயே நுழைந்தார்கள். புதிய கைப்பேசியிலிருந்து யாராவது நுழைந்தால், அல்லது சில வாரம் கழித்து மீண்டும் நுழைந்தால், இது நீங்கள்தானா என்று மின்னஞ்சல் நிறுவனம் கேட்கும். ஆறு இலக்கக் குறியீடு ஒன்று அவள் எண்ணுக்கு வரும். அவள் வாசித்துச் சொல்வாள். சமைக்கும்போது சொன்னாள். மருத்துவரின் வரவேற்பறையில் சொன்னாள். கடைசி மாதத்தில் கட்டிலில் படுத்தபடி, எண்களுக்கு இடையே மூச்சு வாங்கிச் சொன்னாள். வேன்களின் கதவுகளில், உதவிக்கு அழைக்கவும் என்ற சொற்களுக்குக் கீழே எழுதப்பட்டிருந்ததும் அவளுடைய எண்தான்.

இது ஏதோ கணினி தெரியாதவர்கள் செய்த பிழை என்று யாரும் நினைக்க வேண்டாம். எல்லாவற்றையும் நாம் இப்படித்தான் செய்து வந்திருக்கிறோம். ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயிலுக்கு மின்கட்டணச் சீட்டு இன்னும் அங்கே கணக்கெழுதிய ஒரு கிராணியின் பெயரில் வருகிறது. அவர் இறந்து நெடுங்காலம் ஆயிற்று. அவர் வேலை பார்த்த தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு மண்டபத்தின் தொலைபேசி, ஜோகூருக்குக் குடிபோய்விட்ட ஒருவரின் பெயரில் இருக்கிறது. நம்பிக்கையான ஆள் ஒருவர் கிடைத்தால் அவர் பெயரில் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவோம். அவருக்கும் மூச்சு நிற்கும் என்பதை எந்தத் தீர்மானத்திலும் எழுதுவதில்லை. மின்கட்டணச் சீட்டுக்கு இறந்தவரின் பெயர் போதும். இந்தப் புதிய ஏற்பாடோ, ஒவ்வொரு முறையும் அவரை எழுப்பி, நீங்கள்தானா என்று கேட்கிறது. பழைய பழக்கத்தை மாற்றாமல் புதிய இயந்திரத்துக்குள் கொண்டுபோனார்கள். அவள் இறந்த பின் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்து நாட்களுக்கு மேல் சொன்னேன். கேட்பவர் உண்மையில் ஓட்டுநர்தானா என்றுகூட எனக்குத் தெரியாது. குரலை நம்பிச் சொன்னேன். முதல் நேரத்து நோயாளிகளுக்கு வேன் விடியற்காலை ஐந்தரைக்கே கிளம்பும் என்பதால் அழைப்புகள் ஐந்து மணிக்கு வரும். தெங்கேராவில் எங்கள் வீடு சாலையை ஒட்டியது. பகலில் வண்டிச் சத்தம் ஓயாது. அந்த நேரத்தில் மட்டும் அமைதி. அந்த அமைதியில் அவளுடைய எண்ணுக்கென்று அவள் வைத்திருந்த நாதஸ்வர ஒலி எழும். ஒவ்வொரு முறையும், அரை நொடிக்கு, அவள் எடுப்பாள் என்று படுத்திருப்பேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

சங்கத்தின் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள் என்று எழுத்தரிடம் இருமுறை கேட்டேன். அவள் முப்பது வயதுப் பெண், பொறுப்பானவள். “நானும் சொல்லிட்டேன் சார். அடுத்த மீட்டிங்ல பேசலாம்னு சொல்றாங்க” என்றாள். பன்னிரண்டாம் நாள் தலைவரே அழைத்தார்.

“சார், எப்படி இருக்கீங்க? சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன்.”

“ஒரு சின்ன விஷயம் சார். அக்கா அக்கவுண்ட்ல இடம் ஃபுல்லுனு காட்டுதாம். லிஸ்ட்ல புது ஆளுங்களச் சேக்க முடியல. உள்ள போய் பாத்தா ஆயிரக்கணக்குல படம் கெடக்குதாம். எல்லாம் அக்காவோட சொந்தப் படம். அதக் கொஞ்சம் டிலீட் பண்ணிட்டீங்கன்னா நம்ம வேலை ஓடும்.”

“உள்ளே போய்ப் பார்த்தது யார்?”

“பொருளாளர் மருமகன் சார். கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்காரு. சும்மா மேலோட்டமாத்தான் பாத்தாரு.”

“கருமாதி இன்னும் ஆகவில்லை.”

“ஐயோ, அவசரம் இல்ல சார். இந்த வாரத்துக்குள்ள முடிஞ்சா போதும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இல்லாட்டி அந்த போனையே ஆபீஸ்ல குடுத்துருங்க. உங்களுக்கும் தொல்லை விட்டுச்சு. நாங்க ஞாபகமா வச்சுக்குறோம். கண்ணாடிப் பெட்டி செஞ்சு, கீழ அக்கா பேரு போட்டு…”

பார்க்கலாம் என்றேன். கைப்பேசியை அணைத்து அலமாரியில் அவளுடைய புடவைகளுக்கு மேல் வைத்தேன். அந்த மனிதர் கெட்டவர் அல்லர். அவள் இறந்த அன்று எங்கள் வீட்டுக்கு முதல் ஆளாக வந்து பந்தல்காரரை அழைத்தவர் அவர். அதனாலேயே எனக்குக் கோபம் இன்னும் கூடியது. கெட்டவர்கள் என்றால் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

அவளுடைய படங்களை ஒன்றுகூட அழிப்பதில்லை என்று முடிவு செய்தேன். பதினோரு ஆண்டு அந்தப் படங்களில் இருந்தது. கணக்கைத் திறந்து பார்க்கும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் அது இருக்கிறது என்பதை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு நாளையும் முடித்தேன். எங்கள் இரண்டாவது வாழ்க்கையே அங்கே இருப்பதாக எண்ணினேன்: ஓய்வுக்குப் பின் போன பயணங்கள், திருமணங்கள், அவள் பிடித்த என் முகம். சங்கம் தானாகவே விழித்துக்கொள்ளட்டும், அதுவரை இந்தக் கைப்பேசி அணைந்தே இருக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நியாயமாகவே பட்டது. மறுநாள் விடியலில் நாதஸ்வரம் கேட்கவில்லை. ஏழு மணி வரை தூங்கினேன்.

அன்று நடந்ததை நான் பிறகுதான் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு அறிந்தேன். சுங்கை ரம்பாய் வழியில் வழக்கமாக ஓட்டுபவருக்குக் காய்ச்சல். மாற்று ஓட்டுநர் வந்தார். அவர் தன் கைப்பேசியில் பட்டியலைத் திறந்தார், குறியீடு கேட்டது. மனைவியின் எண்ணுக்கு அடித்தார்; அணைந்திருந்தது. எழுத்தருக்கு அடித்தார், அவளிடம் கடவுச்சொல் இருந்தது, குறியீடு இல்லை. அவள் தலைவருக்கு அடித்தாள். தலைவர் ஒரு திறப்புவிழாவில் இருந்தார். மாற்று ஓட்டுநர் தனக்கு வீடு தெரிந்த இருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு வந்துவிட்டார். மூன்றாமவர் ஒரு பெண். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து உடல் தளர்ந்தவர். தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வந்து சுங்கை ரம்பாய் எல்லையில் தங்கையோடு இருக்கிறார். பத்து மணி வேனுக்காகச் சாலையோரப் பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்தவர், பன்னிரண்டரை வரை அங்கேயே இருந்திருக்கிறார்.

மாலையில் மனம் கேட்காமல் கைப்பேசியை இயக்கினேன். தவறிய அழைப்புகள் என்று வரிசையாகச் செய்திகள் வந்தன. ஓட்டுநர், எழுத்தர், ஓட்டுநர், எழுத்தர். அவற்றுக்கிடையே ஐந்து முறை ஒரே பெயர். என் மனைவி அதை இப்படிச் சேமித்திருந்தாள்: சுங்கை ரம்பாய், முன் சீட்டு, கால் நீட்ட வேண்டும்.

நான் அழைத்தேன். யார் என்று சொன்னேன்.

“ஐயாவா? அட, நீங்க ஏன் இந்த நேரத்துல…” என்றார் அந்த அம்மா. குரலில் மூச்சு முட்டியது.

“இன்று வேன் வரவில்லையா?”

“வரல்லீங்க. பரவால்ல. சென்டர்ல பேசியாச்சு, நாளைக்குக் காலையில வரச் சொல்லியிருக்காங்க. மொகம் கொஞ்சம் வீங்கியிருக்கு. தண்ணி குடிக்காம இருக்கேன்.”

“மறைந்துவிட்ட ஒருவரின் எண்ணுக்கு ஐந்து முறை அழைத்திருக்கிறீர்கள்.” ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. குற்றம் சாட்டும் குரலாக வந்துவிட்டது.

“மிஸ்ஸி செத்துப்போனது எனக்குத் தெரியாதாங்க? சாவு வீட்டுக்கு வந்தேனே, நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. ஆனா வேன் காடியில அந்த நம்பர்தானே எழுதியிருக்கு? வேற எங்க அடிக்கிறது?”

“நாளைக் காலை நானே வந்து அழைத்துப்போகிறேன்” என்றேன்.

மறுநாள் காலை நானே காரை எடுத்துக்கொண்டு போனேன். கால் நீட்ட வசதியாக முன்னிருக்கையைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தேன். அந்த அம்மாவுக்கு இமைகள் தடித்து, கால்கள் கணுக்கால் வரை பளபளவென்று வீங்கியிருந்தன. தங்கை கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, கழுத்துச் சிலுவையைத் தொட்டு ஏதோ முணுமுணுத்தார். வழி நெடுக அந்த அம்மாதான் பேசினார், நிறுத்தி நிறுத்தி.

“மிஸ்ஸி இருந்தப்ப ஒரு நாளு லேட்டா வந்தாக்கூடத் திட்டுவாங்க. டிரைவர இல்ல, என்னைய. ‘பத்து மணிக்கு வரலைன்னா பத்து அஞ்சுக்கு எனக்கு அடிக்கத் தெரியாதா’ன்னு. அதான் நேத்து அடிச்சேன். வாங்கின திட்டு அப்படி.” சிரிக்க முயன்றார், இருமல் வந்தது.

“மன்னித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை அணைத்தது நான்தான்.”

“ஏன் அணைச்சீங்க?”

சொன்னேன். சாவி, குறியீடு, படங்கள், தலைவர் சொன்னது, எல்லாம். அவர் கேட்டுக்கொண்டு வந்தார். ஒரு சமிக்ஞை விளக்கில் நின்றபோது சொன்னார்: “ஒங்க கோவம் சரிதாங்க. ஆனா அது பஸ் பொண்டோக்ல ஒக்காந்திருந்த என் மேலதானே வந்து விழுந்துச்சு.”

நிலையத்தில் அவரை விட்டுவிட்டு நேராகச் சங்க அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். அழுதிருந்தாள் என்று தெரிந்தது. “உட்காரம்மா. சங்கத்தின் பெயரில் ஒரு கணக்குத் திறப்போம். தீர்மானத்தை அவர்கள் பிறகு எழுதிக்கொள்ளட்டும்” என்றேன். பதிவுச் சான்றிதழ் அவள் பின்னாலிருந்த கோப்பிலேயே இருந்தது. விண்ணப்பத்தை நிரப்பி அனுப்ப நாற்பது நிமிடம் ஆயிற்று. மூன்றாண்டு நேரமில்லாமல் போன வேலை அது.

அனுமதி வரும்வரை கைப்பேசியை நான் அணைக்கவில்லை; வந்த பிறகு பட்டியலை மாற்றத் தொடங்கினோம். சங்கத்துக்கென்று பொருளாளரின் மருமகன் முன்பே ஒரு படிவம் தயாரித்து வைத்திருந்தார். பெயர், அடையாள அட்டை, நாள், நேரம், முகவரி. பளிச்சென்று, வண்ண வண்ணமாக இருந்தது. என் மனைவியின் பட்டியலில் கடைசியாக ஒரு கட்டம் கூடுதலாக இருந்தது. குறிப்பு என்று தலைப்பு. ‘வாசலில் நாய், ஹார்ன் அடிக்கலாம், இறங்க வேண்டாம்.’ ‘இடது கையில் ஊசித் துவாரம், அந்தக் கையைப் பிடித்து ஏற்றக் கூடாது.’ ‘வெள்ளிக்கிழமை கோயிலில் இருப்பார், அங்கே ஏற்றவும்.’ ‘மகனிடம் பேச வேண்டாம், மருமகளிடம் பேசவும்.’ புதிய படிவத்தில் இதற்கு இடமில்லை. கேட்டபோது, சொந்த விஷயங்கள் தரவில் தேவையில்லை என்று மருமகன் சொன்னதாக எழுத்தர் சொன்னாள். கட்டத்தைச் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தாள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மிச்சம் இருந்தவை படங்கள். எனக்கு விருப்பமில்லை. ஆனால் சங்கத்துக்குரியது ஏதும் அதில் கலந்திருந்தால் பிரித்தெடுக்க வேண்டும். எழுத்தரே திறந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

“சார்,” என்றாள் கொஞ்ச நேரம் கழித்து, “இது வீடுங்க சார்.”

“எந்த வீடு?”

“நோயாளிங்க வீடு. பாருங்களேன்.”

பார்த்தேன். மண்பாதை பிரியும் இடம். உடைந்த அறிவிப்புப் பலகை. நீல வாளி தொங்கும் வேலி. கேட்டுக்கு முன் சாய்ந்த ரம்புத்தான் மரம். ஒரு வாசல், அதே வாசல் மழையில், அதே வாசல் வெள்ளத்துக்குப் பின் புதிய படியோடு. சக்கர நாற்காலி எந்தப் பக்கமாக இறங்கும் என்று காட்டும் ஒரு பலகை. பார்க்கப் பார்க்க வந்துகொண்டே இருந்தன. புதிய ஓட்டுநர் வழி கேட்டால் அனுப்புவதற்காக, ஒவ்வொரு நோயாளியின் வீட்டுக்கும் போய் அவள் எடுத்து வைத்தவை. இரண்டு மணி நேரம் பார்த்தோம். சொந்தப் படம் என்று தலைவர் அழிக்கச் சொன்னவை பெரும்பாலும் சங்கத்தின் படங்கள். எங்கள் வாழ்க்கை என்று நான் காத்துக்கொண்டிருந்தவையும் அவையேதான்.

நான் இருந்த படங்கள் சில இருந்தன. ஒன்றில், ஏதோ ஒரு தோட்டத்து ஓரத்தில், எங்கள் காரின் முன்னிருக்கையில், செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறேன். கண்ணாடிக்கு வெளியே இருந்து எடுத்திருக்கிறாள். அவள் இறங்கிப்போய் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது எடுத்ததாக இருக்க வேண்டும். அந்தப் பயணங்களை ஊர் சுற்றல் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

“இத உங்களுக்குத் தனியா அனுப்பட்டுமா சார்?” என்றாள் எழுத்தர்.

“அது அங்கேயே இருக்கட்டும்” என்றேன்.

கருமாதி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை செயலவை கூடியது. நான் உறுப்பினன் அல்லன். அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். தலைவர் முதலில் என் மனைவிக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி செலுத்தச் சொன்னார். எழுந்து நின்றோம். பிறகு, ஒரு முழுமையான புதிய மென்பொருள் வாங்கி, மூன்று மாதத்தில் ஒரு விழாவில் அதைத் தொடங்கி வைக்கலாம் என்ற யோசனையை வாசித்தார்.

“தேவையில்லை. வேலை முடிந்துவிட்டது” என்றேன். செய்ததைச் சொன்னேன். ஒவ்வோர் ஓட்டுநருக்கும் தனிக் கணக்கு. ஒருவர் விலகினால் அவருடையதை மட்டும் மூடலாம். பட்டியல் சங்கத்துடையது. வீடுகளின் படங்களும் சங்கத்துடையவை. சுங்கை ரம்பாய் அம்மா இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததையும், அதில் என் பங்கையும் மறைக்காமல் சொன்னேன்.

“சார் இன்னும் காலேஜ்ல நிக்கறதா நெனச்சுக்கிட்டு இருக்காரு” என்றார் பொருளாளர், பக்கத்திலிருந்தவரிடம், எனக்குக் கேட்கும்படியாக. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

“ஒன்று மட்டும் பாக்கி,” என்றேன். “சங்கத்தின் தலைமைக் கணக்குக்கு ஒரு பொறுப்பாளரின் எண் வேண்டும். குறியீடு அதற்குத்தான் வரும். வேன் கதவில் எழுதப்போவதும் அந்த எண்ணைத்தான். வேன் வராவிட்டால் நோயாளிகள் அதற்குத்தான் அடிப்பார்கள். யாருடைய எண்?”

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“எனக்கு ஏற்கெனவே ரெண்டு லைன் இருக்கு சார், சமாளிக்க முடியல.”

“நான் மாசத்துல பாதி நாளு சிங்கப்பூர்ல இருக்கேன்.”

“காலையில அஞ்சு மணிக்கா? என் வீட்டுக்காரி வெளிய தள்ளிடுவா லா.”

இதற்குச் சிரிப்பு. சிரிப்பு அடங்கியபோது, மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எழுத்தர் கையைத் தூக்கினாள். “என் நம்பரப் போட்டுக்குங்க சார். எனக்குப் பழக்கம்தானே.”

அறையில் ஒரு நிம்மதி பரவியதை நான் கண்ணால் பார்த்தேன். தோள்கள் தளர்ந்தன. ஒருவர் தேநீர்க் கோப்பையை எடுத்தார். என் மனைவியின் பெயரை முன்மொழிந்த அந்த நாளிலும் அறை இப்படித்தான் தளர்ந்திருக்கும்.

“வேண்டாம்மா,” என்றேன். “கையைக் கீழே போடு. நீ செய்துவிடுவாய் என்பது எல்லோருக்கும் தெரியும்.” தலைவரின் பக்கம் திரும்பினேன். “விழாவில் பொத்தானை அழுத்தியவர் நீங்கள்.”

“சார், நான் பிசினஸ் ஆளு…”

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது வகுப்பறையில் கற்றுக்கொண்டது. மின்விசிறி சுற்றியது. கீழே கடையில் யாரோ கதவை இழுத்து மூடினார்கள். யாராவது வேறு பேச்சை எடுப்பார்கள் என்று தலைவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எடுக்கவில்லை. அவர்களுக்கும் அது தங்கள் எண்ணாக இல்லாதவரை போதும்.

கடைசியில் அவர் தன் எண்ணைச் சொன்னார். எழுத்தர் தட்டினாள். அவருடைய கைப்பேசி சிணுங்கியது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கையை எட்டப் பிடித்து, அந்த ஆறு இலக்கங்களை அவர் வாசித்தார். நான்காவதை ஒரு முறை தப்பாகச் சொல்லி, திருத்திச் சொன்னார்.

மாற்று எண்ணாகத் துணைத்தலைவருடையதை வாங்கிக்கொண்டோம். என்னுடையதை நான் கொடுக்கவில்லை. மறைந்த அம்மையாரின் சேவைக்கு நன்றி என்ற ஒரு வரியைக் குறிப்பேட்டில் சேர்க்கலாமா என்று செயலாளர் கேட்டார். மூன்றாண்டு இந்தச் சங்கம் மேகத்தில் அல்ல, ஒரு பெண்ணின் சொந்தக் கைப்பேசியில் இயங்கியது என்று எழுதுங்கள், அது போதும் என்றேன். அப்படியெல்லாம் எழுதினால் நல்லாருக்காது சார் என்றார். நல்லாயிருக்காதுதான் என்றேன். எழுதினாரா என்று நான் பார்க்கவில்லை.

புதன்கிழமை வேன்களின் கதவுகளில் புதிய எண் எழுதப்பட்டது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஓட்டுநரை அழைத்து, ஏதேனும் சிக்கல் உண்டா என்று கேட்டேன்.

“இல்ல அங்கிள். சுங்கை ரம்பாய் வேன் கிளம்பக் கொஞ்சம் லேட்டு, டயர் பஞ்சர். அந்த அம்மா உடனே கதவுல உள்ள நம்பருக்கு அடிச்சிருக்காங்க.”

“தலைவர் எடுத்தாரா?”

“எடுத்தாரு அங்கிள். ரெண்டாவது தடவை அடிச்சப்ப எடுத்தாரு. எனக்கு அடிச்சு, எங்க இருக்க, என்ன ஆச்சுன்னு ஒரே கத்தல். ரொம்பக் கோவமா இருந்தாரு.”

“இருக்கட்டும்” என்றேன்.

திங்கட்கிழமையும் அழைத்துக் கேட்டேன். அன்று முதல் தடவையிலேயே எடுத்திருக்கிறார்.